மேட்டூர் நிரம்பினால் யாருக்கு லாபம்?

அணை கட்டப்போகிறோம் என்று அறிவித்தால் பாசனம், மின்சாரம், குடிநீர், வெள்ளத் தடுப்பு என்று பலன்கள் வரிசைகட்டி வந்துவிடும். எல்லாம் உண்மைதான். யாருக்கு எவ்வளவு என்பதில்தான் சிக்கல்.

1934-இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை 93.47 டி.எம்.சி. கொள்ளும். அதை நம்பிச் சுமார் 16 லட்சம் ஏக்கர் பாசனம், பெரும்பகுதி காவிரி டெல்டாவில். அணை, சுரங்க மின்நிலையங்கள் இரண்டுமாக 250 மெகாவாட். சேலம் மாநகரின் குடிநீரும் அங்கிருந்துதான். ஆனால் அணைக்காக ஊர்களைக் காலிசெய்து கொடுத்த பகுதிக்குக் கிடைத்த பாசனம்? கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்களில் சேலம், நாமக்கல், ஈரோடு மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து 45,000 ஏக்கர். நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தி வெளியே தெரியும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும்.

இதை வஞ்சனை என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் பாயும். ஓமலூரும் எடப்பாடியும் மேட்டில் இருக்கின்றன. அங்கே மரவள்ளியும் நிலக்கடலையும் வானத்தையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியே விளைகின்றன.

அந்த மேட்டுக்கு நீரேற்றத்தான் 565 கோடி ரூபாயில் சரபங்கா திட்டம் வந்தது. திப்பம்பட்டியிலிருந்து உபரி நீரை இறைத்து 100 ஏரிகளை நிரப்புவது நோக்கம். முதல் கட்டம் 2021-இல் தொடங்கியது. ஏரி நிரம்பினால் சுற்றிலும் கிணறு ஊறும், அதுவே பெரிய வரவு. ஆனால் எடுப்பது 0.555 டி.எம்.சி., அணையின் கொள்ளளவில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. நேரடிப் பாசனம் 4,238 ஏக்கர். அதுவும் அணை நிரம்பி வழிந்தால்தான். 2012 முதல் 2019 வரை வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12-இல் டெல்டாவுக்கே தண்ணீர் திறக்க முடியவில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வறண்ட ஆண்டில், தண்ணீர் மிகவும் தேவைப்படும் நேரத்தில், பம்புகளுக்கு வேலை இருக்காது.

சேர்வராயன் மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டி இந்த 100 ஏரிக் கணக்கில் வராத பக்கம். இங்கே காவிரியைவிட மலையில் பெய்யும் மழைதான் முக்கியம். பக்கத்துக் கன்னங்குறிச்சி மூக்கனேரியை நிரப்புவதும் ஏற்காட்டுச் சரிவில் இறங்கும் நீர்தான். 2010 வாக்கில் சேலத்துக் குடிமக்கள் அமைப்பு ஒன்று அதைத் தூர்வாரி, நடுவே மண்திட்டுகள் அமைத்து மரம் நட்டது.

மேட்டூரின் உபரி நீரைச் சேலம் வழியாக நாமக்கல்லுக்குப் பாயும் திருமணிமுத்தாற்றிலும் விட வேண்டும் என்பது இப்பகுதி விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. நியாயமானதுதான். ஆனால் சேலத்தின் சாக்கடையும் சாயக் கழிவும் கலக்கும் ஆற்றில் காவிரி நீரை விட்டால் நாமக்கல் வயல்களுக்கு எது போய்ச் சேரும்? முதலில் கழிவுநீரை நிறுத்தி, மலையடிவார ஏரிகளின் வரத்து வாய்க்கால்களைத் திறந்துவிட வேண்டும். அணையையும் திருமணிமுத்தாற்றையும் இணைக்க நிதி ஒதுக்குவது அதன் பிறகு நடக்க வேண்டிய வேலை.