பூந்தமல்லியில் 26, டெல்லியில் 4

தண்டனை எதற்கு என்று கேட்டால் சட்டப் புத்தகம் நாலு பதில் சொல்லும்: செய்ததற்கு ஈடு, மற்றவனுக்குப் பயம், ஆளை ஒதுக்கி வைப்பது, திருத்துவது. இந்த நாலையும் ஒரே வழக்கில் உரசிப் பார்க்க நம்ம மாவட்டத்துப் பூந்தமல்லியே போதும்.

1998 ஜனவரி 28 அன்று அங்கிருந்த தடா நீதிமன்றம் ராஜீவ் கொலை வழக்கில் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11-ல் உச்ச நீதிமன்றம் 4 தூக்கு, 3 ஆயுள் என்றாக்கி, மற்ற 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஈடு என்றால் அளவு வேண்டாமா? குண்டு வைக்கத் திட்டம் போட்டவருக்கும் வீடு பிடித்துக் கொடுத்தவருக்கும் ஒரே கயிறு என்றால், பூந்தமல்லித் தீர்ப்பு பயம் காட்டத்தான் எழுதப்பட்டது என்று நினைக்கிறேன். தற்கொலைப் படையாக வந்தவளிடம் அந்தப் பயம் எடுபடாது என்பது வேறு விஷயம்.

எனக்குச் சுருக்கென்று பட்டது 2014 வழக்கு. கருணை மனுக்கள் 11 வருஷம் கிடந்தன. தாமதத்தால் வேதனை என்று கைதிகள் சொல்ல, மத்திய அரசு சொன்ன பதில்: சிறையில் பாட்டு, கலைநிகழ்ச்சி என்று நன்றாகத்தானே இருந்தார்கள்! பேரறிவாளன் உள்ளே இருந்தபடியே பிளஸ் டூவில் 1,200-க்கு 1,096 வாங்கியவர். சிறைக்குள் மனுஷனாக வாழ்ந்ததையே தூக்கில் போடக் காரணமாக்கினால், திருத்துவது என்ற நோக்கத்தை அரசே கைகழுவுகிறது என்றுதானே அர்த்தம்? நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பிப்ரவரி 18-ல் மூவருக்கும் ஆயுளாகக் குறைத்தது.

2022 மே 18 தீர்ப்பைக் கொண்டாடியவர்கள் அதை முழுசாகப் படித்தார்களா தெரியவில்லை. நன்னடத்தை, படிப்பு எல்லாம் அதில் வருகிறது. ஆனால் கதவைத் திறந்தது 2018 அமைச்சரவைத் தீர்மானத்தின்மீது ஆளுநர் முடிவெடுக்காததும், 142-வது பிரிவும்தான். 31 வருஷம் எந்த நோக்கத்துக்குப் போதும், எதற்குப் போதாது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அன்று ராஜீவோடு இறந்த போலீஸ்காரர்களின் குடும்பங்களுக்கும் அந்தப் பதில் தேவை.

1999-ல் நளினிக்குத் தூக்கு வேண்டாம் என்று நீதிபதி கே.டி. தாமஸ் மட்டும் மாறுபட்டு எழுதினார். அப்பாவும் தூக்குக் கைதி, அம்மாவும் போனால் குழந்தை அநாதையாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. புத்தகத்தின் நாலு நோக்கங்களில் இது எதிலும் சேராது.