நிராகரிக்கப்பட்ட எடுகோளும் நியாய விலைக் கடை அரிசியும்: ‘ஏறத்தாழ இலட்சியத் தேவை முறைமை’ – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

டீட்டனும் முயெல்பாவரும் 1980இல் முன்வைத்த நுகர்வோர் தேவை மாதிரி, தன் அடிப்படை எடுகோள்களில் ஒன்றைத் தானே சோதித்து நிராகரித்தது. அந்த நிராகரிப்பைப் பின்வந்த ஆய்வுகள் கையாண்ட விதத்தையும், பங்கீட்டு அரிசி உள்ள சந்தைக்கு அம்மாதிரியைப் பொருத்தும்போது எழும் பிழையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நுகர்வோர் தேவை, விலை நெகிழ்ச்சி, ஒருபடித்தன்மை, அலகு மதிப்பு, பொது விநியோகத் திட்டம்.

மாதிரியும் அதன் சோதனையும்

தேவைச் சமன்பாடுகளைத் தனித்தனியே மதிப்பிடாமல் ஒரு முழு முறைமையாக மதிப்பிடும் முயற்சிக்கு 1954இல் ரிச்சர்ட் ஸ்டோன் வெளியிட்ட நேரியல் செலவு முறைமை வழிவகுத்தது. அது கோட்பாட்டின் நிபந்தனைகளைத் தன் வடிவத்திலேயே கொண்டிருந்தது. ஆகவே அவற்றைச் சோதிக்க அதில் இடமில்லை. ஆங்கஸ் டீட்டனும் ஜான் முயெல்பாவரும் 1980இல் அமெரிக்கப் பொருளியல் ஆய்விதழில் வெளியிட்ட ‘ஏறத்தாழ இலட்சியத் தேவை முறைமை’ இக்குறையைக் களைந்தது. ஒரு குடும்பத்தின் மொத்தச் செலவில் ஒவ்வொரு பொருளும் பெறும் பங்கை, விலைகளின் மடக்கையும் உண்மைச் செலவின் மடக்கையும் கொண்டு அது விளக்குகிறது. இதில் கோட்பாட்டின் நிபந்தனைகள் கெழுக்களின்மீதான எளிய கட்டுப்பாடுகளாக மாறுவதால், அவற்றை விதித்தும் விதிக்காமலும் மதிப்பிட்டு ஒப்பிட இயலும்.

அந்நிபந்தனைகளுள் எளிமையானது ஒருபடித்தன்மை. எல்லா விலைகளும் மொத்தச் செலவும் ஒரே விகிதத்தில் உயர்ந்தால் வாங்கும் அளவுகள் மாறக்கூடாது என்பதே அது. பணத்தாளில் அச்சிட்ட எண்ணைக் கண்டு நுகர்வோர் மயங்குவதில்லை என்பதற்கு மேல் அது எதையும் கோரவில்லை. 1954 முதல் 1974 வரையிலான பிரித்தானிய ஆண்டுத் தரவில், எட்டுப் பொருள் தொகுதிகளுக்கு இதனைச் சோதித்தபோது, உணவு, உடை, வீட்டுவசதி, போக்குவரத்தும் தொடர்பும் ஆகிய நான்கில் நிபந்தனை நிராகரிக்கப்பட்டது. நிபந்தனை வலிந்து விதிக்கப்பட்ட இச்சமன்பாடுகளில் பிழைகள் ஆண்டுக்காண்டு தொடர்புற்று நின்றன. காலப்போக்கில் நிகழும் சரிக்கட்டலை மாதிரி தவறவிட்டிருக்கலாம் என ஆசிரியர்களே சுட்டினர். தம் கருவியின் தோல்வியைத் தாமே அச்சிட்ட இந்நேர்மை குறிப்பிடத்தக்கது. (மாதிரியின் ஆங்கில முதலெழுத்துச் சுருக்கம் ஈராண்டுக்குப் பின் ஒரு கொடிய நோயின் பெயராக அமைந்தது அவர்கள் பிழையன்று.)

நிராகரிப்புக்குப் பின்

நிராகரிப்புக்கு முன்பே ஒரு மறுப்பு தயாராக இருந்தது. சிறு தரவுகளில் முறைமை முழுவதற்குமான சோதனைகள், உண்மையான நிபந்தனையையும் அளவுக்கு மீறி நிராகரிக்கின்றன என்று 1978இல் லெய்டினன் காட்டியிருந்தார். இவ்வாதம் வலுவானது. ஆயினும் சமன்பாடு ஒவ்வொன்றிலும் தனித்தனியே செய்யப்பட்ட சோதனையை அது தொடுவதில்லை. 21 ஆண்டுத் தரவுக்குச் சமன்பாடொன்றில் 10 கெழுக்கள் என்பது மெலிந்த அடித்தளமே எனினும், வழக்கமான எடுகோள்களின்கீழ் அச்சோதனை சிறு தரவிலும் துல்லியமானது. காலப்போக்கில் நிலையற்று நகரும் விலைத்தொடர்களே காரணம் என்று 2005இல் லூபெலும் இங்கும் வைத்த விளக்கம், மூல ஆசிரியர்களின் ஐயத்துக்கு நெருங்கி நிற்கிறது.

நடைமுறை ஆய்வுகள் பெரும்பாலும் இவ்விவாதத்துக்குள் நுழைவதில்லை. ஒருபடித்தன்மையும் சமச்சீர்மையும் ‘விதிக்கப்பட்டன’ என்ற ஒரு வரியோடு கடந்துவிடுகின்றன. காரணம் சிக்கனம். எட்டுப் பொருள்களுக்கு 64 ஆக வேண்டிய விலைக் கெழுக்கள், கட்டுப்பாடுகளை விதித்தால் சுயேச்சையான 28 ஆகச் சுருங்கும். இச்சிக்கனத்தைக் குறைகூற முடியாது. ஆனால் சோதனையில் தேறாத எடுகோளை விதித்துப் பெற்ற நெகிழ்ச்சியைக் கோட்பாட்டுக்குச் சான்றாக எண்ணுவது சுழல்வாதம்.

விலை எது?

இந்தியக் குடும்பங்களின் நுகர்வுத் தரவுக்கு இம்மாதிரி பொருத்தப்படும்போது வேறொரு சிக்கல் முந்திவிடுகிறது. கணக்கெடுப்பில் விலை நேரடியாகக் கிடைப்பதில்லை. செலவை அளவால் வகுத்துப் பெறும் அலகு மதிப்பே விலையாகக் கொள்ளப்படுகிறது. உயர்தரப் பொருளை வாங்குவோரின் அலகு மதிப்பு உயர்ந்திருக்கும் என்பதால் அது விலையாகாது என்று டீட்டனே 1988இல் எச்சரித்துத் திருத்தமுறையும் வகுத்தார். ஆனால் அவர் திருத்தம் தரவேறுபாட்டுக்கானது, பங்கீட்டுக்கானதன்று.

தமிழ்நாட்டில் நியாய விலைக் கடை அரிசி 2008 செப்டம்பர் முதல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையின்றியும் வழங்கப்பட்டு வருகிறது. 20 கிலோ விலையின்றிப் பெறும் இரு குடும்பங்களைக் கற்பனை செய்யலாம். சந்தை விலை கிலோ 50 ரூபாய். முதல் குடும்பம் மேலும் 10 கிலோ வாங்கி 30 கிலோ உண்கிறது. அதன் அலகு மதிப்பு 500ஐ 30ஆல் வகுக்க ஏறத்தாழ 16.67 ரூபாய். இரண்டாவது குடும்பம் மேலும் 20 கிலோ வாங்கி 40 கிலோ உண்கிறது. அதன் அலகு மதிப்பு 25 ரூபாய். இரண்டும் எதிர்கொள்ளும் விலை ஒன்றே. ஆயினும் இரு வகை அரிசியையும் கூட்டிக் கணிக்கும் மாதிரி, ‘விலை’ 50 விழுக்காடு உயர்ந்தபோது நுகர்வு மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததாகப் படிக்கும். ஏழைகளின் பசியளவில் உள்ள வேறுபாடு விலை விளைவாக வேடமிடுகிறது. பங்கீட்டு அரிசியைத் தனிப் பொருளாகப் பிரித்தாலும் விடிவில்லை. சுழியத்துக்கு மடக்கை கிடையாது. ஒரு ரூபாய்க் காலத்திலோ எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே விலை என்பதால் கெழுவை மதிப்பிடத் தேவையான வேறுபாடே இல்லை.

இதற்கான கோட்பாட்டுக் கருவி இல்லாமலில்லை. ரோத்பார்த் 1941இல் தொடங்கியதை விரித்து, நீரியும் ராபர்ட்சும் அதே 1980இல் பங்கீட்டின்கீழ் குடும்ப நடத்தையை ஆராய்ந்தனர். குறிப்பிட்ட பங்கீட்டளவை ஒரு குடும்பம் எந்த விலையில் தானாகவே தேர்ந்திருக்குமோ அது அதன் ‘மெய்நிகர் விலை’. பங்கீட்டுக்கு மேல் சந்தையில் வாங்கும் குடும்பத்துக்கு, விலையில்லா அரிசி ஏறத்தாழ வருமான உதவியாகிறது; அதன் முடிவைத் தீர்மானிப்பது சந்தை விலையே. பங்கீட்டோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பத்துக்கு அவ்வாறன்று. 2022–23ஆம் ஆண்டுக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு விலையின்றிப் பெற்ற பொருள்களின் அளவைத் தனியே திரட்டி, மதிப்பீட்டு விலையிட்ட செலவையும் தந்திருப்பது பெரிய முன்னேற்றம். அம்மதிப்பீட்டு விலையும் முதல்வகைக் குடும்பத்துக்கே பொருந்தும். இரண்டாம் வகைக்கு அது மிகையாகலாம்.

2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை தொடங்கியது. இத்தகைய மாற்றத்தால் எந்தக் குடும்பம் எவ்வளவு அரிசியைக் குறைக்கும் என்ற வினாவுக்கு விடையாக நெகிழ்ச்சி எண்கள் எடுத்தாளப்படும்போது, அவற்றைத் தந்த ஆய்வு இருவகைக் குடும்பங்களையும் பிரித்ததா, ‘விலை’ என்ற நிரலில் எதை இட்டது என்பவை அட்டவணையின் அடிக்குறிப்பில்கூட இல்லாமற்போவது உண்டு. மாதிரியின் பெயரும் விதிக்கப்பட்ட நிபந்தனைகளும் மட்டும் முதல் பத்தியிலேயே தவறாமல் இடம்பெறுகின்றன.