கடாரத்துக்குக் கப்பல் ஏறாதவர்கள்

சிவிலைசேஷன் விளையாட்டின் ஏழாம் பதிப்பு 2025 பெப்ரவரி 11 இல் வெளிவந்தது. அதில் சோழர் இருந்தார்கள். தமிழர் வரலாறு கடைசியில் உலகத் திரைக்கு வந்துவிட்டது என்ற பேச்சும் உடனே கிளம்பியது. அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. திரைக்கு வந்தது ஒரு பேரரசு. தமிழர் வரலாற்றின் பெரும்பகுதி, சோழர் படையெடுத்த கடாரத்துக்குக் கப்பல் ஏறாதவர்களுடையது.

இதை யாழ்ப்பாணக் குடாநாட்டின் அச்சுவேலியிலிருந்து எழுதுகிறேன். வடக்கே சில மைல் போனால் தொண்டைமானாறு. பேர்தான் ஆறு, உண்மையில் அது கடல்நீரேரி. உப்பு ஏற்றும் மரக்கலங்கள் உள்ளே வருவதற்காகக் குலோத்துங்க சோழனின் ஆள் கருணாகரத் தொண்டைமான் அதை வெட்டி அகலப்படுத்தினான் என்கிறது மாதகல் மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை. கலிங்கத்துப்பரணிக்கு அவன் கலிங்கம் வென்ற வீரன். எங்கள் பக்கத்துக்கு உப்பெடுக்க வந்தவன். கதை எவ்வளவு மெய்யோ தெரியாது; ஆனால் பேரரசு தன் ஓரத்திலிருப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது அதில் இருக்கிறது.

விளையாட்டுகளுக்கு வருவோம்; அவற்றின் பழைய கட்டங்களில் அதிகம் நிற்கத் தேவையில்லை. 1991 இன் முதல் சிவிலைசேஷனில் இந்தியா என்றால் காந்தி. 1999 இன் ஏஜ் ஒவ் எம்பயர்ஸ் இரண்டில் இந்தியாவே இல்லை. 2013 இல் ‘இந்தியர்’ என்று ஒரே பொதி. 2022 ஏப்ரலில் வந்த ‘டைனஸ்டீஸ் ஒவ் இந்தியா’ அந்தப் பொதியைப் பிரித்து, வங்காளர், கூர்ஜரர் பக்கத்தில் ‘திராவிடர்’ என்றொரு கூட்டத்தை வைத்தது. மொழிக்குடும்பத்தின் பேரை ஒரு மக்களுக்குச் சூட்டிய சோம்பேறித்தனம் இது. சுருள்வாள் சுழற்றும் வீரர்கள், திரிசடைக் கப்பல், இராசேந்திரன் படையெடுப்பு எல்லாம் உண்டு. படையாட்கள் தமிழில் பதில் சொல்லும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் எனக்குப் பிடித்தது வேறு: அந்த நாகரிகத்தின் மீனவர் மற்றவரைவிடக் கூடுதலாக மீன் சுமந்து வருவார்கள். கடலோரத்தைத் தெரிந்த யாரோ யோசித்திருக்கிறார்கள்.

சிவிலைசேஷன் ஏழிலும் அப்படித்தான். எல்லோரும் தஞ்சை இராசராசேச்சரத்தைக் கொண்டாடினார்கள். அதே சோழருக்கு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என இரு கட்டடங்கள் தரப்பட்டிருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்து எழுப்பினால் ஐநூற்றுவர் வணிக வட்டாரம் உருவாகும். கல்வெட்டுகளில் கிடந்த வணிகக் கணங்களைத் தேடி எடுத்த அந்த உழைப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நான் நின்று பேச விரும்புவது யூரோப்பா யுனிவர்சாலிஸ் வரிசையைப் பற்றி. 2013 இல் வந்த நான்காம் பதிப்பு 1444 இல் தொடங்குகிறது. யாழ்ப்பாணம் அதில் நகத்தளவு நாடு. அந்த நாட்டின் வளம் வரி, உற்பத்தி, ஆட்பலம் என்ற மூன்று எண்களுக்குள் முடிந்துவிடும். அரசனின் புள்ளிகளைச் செலவழித்தால் எண் ஏறும். வியர்வை சிந்தாத வளம். உண்மையில் 1450 அளவில் கோட்டை இராச்சியத்திலிருந்து செண்பகப்பெருமாள் வந்து இந்த நாட்டைப் பிடித்தான். நாட்டை இழந்த அரசன் கனகசூரிய சிங்கையாரியன் மீண்டுவர ஏறக்குறைய பதினேழு ஆண்டு ஆனது. அந்தப் பதினேழு ஆண்டுக்கு நான்காம் பதிப்பில் இடமில்லை. நாடு போனால் ஆட்டம் முடிந்தது.

2025 நவம்பர் 4 இல் வந்த ஐந்தாம் பதிப்பு 1337 ஏப்ரல் 1 இல் தொடங்குகிறது. பயணி இபுன் பதூதா யாழ்ப்பாண அரசன் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து முத்தைக் கையில் வாங்கிப் பார்த்ததற்கு ஏழு ஆண்டு முந்திய நாள். முதல் சில இரவுகளிலேயே இது வேறு சாதி விளையாட்டு என்று விளங்கியது. இங்கே மூன்று எண்களுக்குப் பதில் மக்கள் இருக்கிறார்கள்: குடியானவர், தொழிலாளர், நகரத்தார், குருமார், பிரபுக்கள், அடிமைகள். அவர்கள் உண்ண வேண்டும், பொருள் வாங்க வேண்டும். அரசனின் பிடி தலைநகரை விட்டுத் தள்ளித் தள்ளிப் போகத் தளர்ந்துகொண்டே போகும். சாலையும் ஆறும் கடலும் அதைத் தாங்கும்.

பக்கத்து வீட்டுத் தம்பி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். “அண்ணை, கிணறு வெட்ட எதை அமத்தோணும்?” என்று கேட்டான். தோட்டக்காரப் பிள்ளையின் கேள்வி. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி அடியில் கிடக்கிறது. செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைந்தது துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த தண்ணீரில்தான். விளையாட்டின் வரைபடம் நிலத்தின் மேலே ஓடும் நீரைக் காட்டும். கீழே கிடக்கும் நீரைக் காட்டாது.

அதைவிடப் பெரிய குறை, ஆடுபவரின் ஆசை இன்னும் மாறவில்லை என்பது. உலக வரைபடத்தை ஒரே நிறமாக்குவதே சாதனை என்று இரசிகர் நினைக்கிறார்கள். சின்னதிலும் ஆட்டம் உண்டு என்பதற்கு ஒரு சான்று: 2023 இல் வந்த ‘வெண்பா’ வியூக விளையாட்டல்ல; கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறை. கிழிந்த சமையல் குறிப்பைப் பார்த்து இட்டலித் தட்டுகளின் ஓட்டைகளைச் சரியாக அமைத்து அடுக்கினால்தான் ஆவி ஏறும். அந்தச் சின்னக் காரியத்தில் அவ்வளவு பதற்றத்தை ஏற்ற முடிகிறதென்றால், ஒரு சின்ன அரசின் பிழைப்பிலும் முடியும்.

எனக்கு வேண்டிய ஆட்டம் 1560 இல் தொடங்கட்டும். போர்த்துக்கேயரான கொன்ஸ்தந்தீனு த பிரகன்சாவின் படை தலைநகர் நல்லூரைப் பிடிக்கிறது. யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலி வன்னிக்குப் பின்வாங்குகிறான். போர்த்துக்கேயர் குடாநாட்டில் நிலைக்க முடியாமல் விலகி, மன்னாரில் கோட்டை கட்டிக்கொள்கிறார்கள். சங்கிலி திரும்புகிறான். ஊர்காவற்றுறையில் மறுபடி யானைகள் கப்பலேறுகின்றன. ஒரு அடி நிலம்கூடக் கூடவில்லை. போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா 1619 இல் வரும்வரைக்கும் அரசு இருக்கிறது. அந்த ஐம்பத்தொன்பது ஆண்டுக்குத்தான் விளையாட்டு புள்ளி போட வேண்டும்.