துறைமுகத்துக்கு முந்தைய சோறு

ஆற்றுப்படை நூல்களைக் கொடை இலக்கியம் என்றே படித்துப் பழகிவிட்டோம். புரவலன் பெருமை, பாணன் வறுமை, பரிசாகப் பொற்றாமரை. தேர்வு எழுத அது போதும். ஆனால் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையை, அதன் 500 அடிகளையும், கொஞ்சம் பசியோடு படித்துப் பாருங்கள். வேறு நூலாகத் தெரியும். வயிறு நிறைந்து ஊர் திரும்பும் பாணன் ஒருவன், எதிரே வெறும் வயிற்றோடு வரும் இன்னொரு பாணனை நிறுத்தி, காஞ்சிக்குப் போகிற வழியில் எந்த ஊரில் யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்கிறான். வழிச் சாப்பாட்டுக்கு நம்மிடம் இருக்கிற மிகப் பழைய கையேடுகளில் அது ஒன்று.

நான் இந்த நூலுக்குத் திரும்பியது புலமையால் அல்ல, ஹெலன்ஸ்பர்க் கோயில் கேன்டீனால். சிட்னிக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஹெலன்ஸ்பர்க் நகர மையத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டரில், யூகலிப்டஸ் காட்டுக்கு நடுவே, நிலக்கரிச் சுரங்கத்தால் உருவான சிற்றூர். 1985இல் அங்கே வெங்கடேஸ்வரர் கோயில் எழுந்தது. சிவன் சந்நிதிகளும் அதே வளாகத்தில் உண்டு. கோயிலை ஒட்டி ஒரு கேன்டீன். வார இறுதியில் வரிசையில் நின்று, சொல்லி, காசு கொடுத்து, எண்ணைக் கூப்பிடும்போது போய் எடுத்துக்கொள்ள வேண்டும். தோசை, இட்லி, வடை, புளியோதரை, தயிர் சாதம். வரிசையில் நமக்கு முன்னே சைக்கிள் ஓட்டும் உடுப்போடு ஒரு வெள்ளைக்காரர் நிற்பார், பின்னே ஒரு குஜராத்திக் குடும்பம்.

இது சாமி கும்பிட வந்தவர்களின் சாப்பாட்டு இடம் மட்டுமல்ல. எங்களில் பலருக்கு இதுதான் துறைமுகச் சாப்பாட்டுக் கடை. அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வருகிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறார்கள், குளிரைத் திட்டுகிறார்கள், மாதக்கணக்கில் இருந்துவிட்டுக் கிளம்புகிறார்கள். விமானம் மாலையில் என்றால் காலையில் ஹெலன்ஸ்பர்க். பெட்டிகள் காரிலேயே இருக்கும். சாமி பார்த்து, கேன்டீனில் சாப்பிட்டு, அப்படியே விமான நிலையம். வாட்டர்ஃபால், சதர்லண்ட், கேப்டன் குக் பாலம், பிறகு பாட்டனி வளைகுடாவின் ஓரமாகவே சாலை போகும். ஓடுபாதைகள் கடலுக்குள் நீண்டிருக்கும். எதிர்க்கரையில் சரக்குக் கப்பல்களின் பளுதூக்கிகள். துறைமுகம் என்று நான் சொல்வதில் உவமை பாதிதான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் நல்ல சாப்பாடு கிடைப்பது எப்போதும் கடினம். அங்கே சாப்பிடுகிறவன் திரும்பி வரமாட்டான் என்பது சமைக்கிறவனுக்குத் தெரியும். அவனுக்கு நேரமும் கிடையாது, கண் கடிகாரத்தில் இருக்கும். இங்கிலாந்தில் முதுகலை படித்த காலத்தில், லண்டன் ஈழத்து நண்பர்களோடு பாரிஸ் கல்யாணங்களுக்குக் காரில் போய்த் திரும்பியிருக்கிறேன். பிரான்ஸின் கலே துறைமுகத்தில் கப்பலேற வேண்டும். நெடுஞ்சாலை ஊருக்குள் நுழையாமலே நேராகத் துறைமுகத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். ஊர் என்னவோ பக்கத்தில்தான். ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாகவும் எரிந்த பழைய காவல் கோபுரம் நிற்கும் சதுக்கத்துக்குப் போனால் மட்டிச் சிப்பியும் உருளைக்கிழங்கு வறுவலும் உட்கார்ந்து சாப்பிடலாம். நண்பர்கள் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. பாரிஸ் லா சப்பலில் வாங்கிய கொத்துரொட்டிப் பொதியைக் கார் வரிசையில் காத்திருக்கும்போது மடியில் வைத்துப் பிரிப்பார்கள். ஆறிப்போயிருக்கும். ஆனாலும் துறைமுகத்தை நம்பாததுதான் சரி என்று எனக்கும் பட்டது.

(இதற்கு நேர்மாறான கதை ஒன்று உண்டு, பெயர்ப் பொருத்தத்துக்காகச் சொல்கிறேன். நம் ஊரின் பெயரையே கொண்ட ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பர்க்கில், ஹென்றி பெல்லும் அவர் மனைவியும் ஒரு விடுதி வைத்திருந்தார்கள். 1812இல் பெல் ‘காமெட்’ என்ற நீராவிப் படகை கிளைட் ஆற்றில் விட்டார். விடுதிக்கு ஆள் கொண்டுவருவதும் அதன் வேலைகளில் ஒன்று. சாப்பாட்டுக் கடைக்காகக் கப்பல் விட்ட மனிதர்!)

பெரும்பாணாற்றுப்படையிலும் ஒரு துறைமுகம் வருகிறது, நீர்ப்பெயற்று. அது மாமல்லபுரம்தான் என்று கருதுவோர் உண்டு. வெண்பிடரிக் குதிரைகளையும் வடநாட்டுப் பொருள்களையும் இறக்கும் கப்பல்கள், மாடங்கள், ஏணி சாத்திய உயரத்தில் இரவில் நெருப்பு எரியும் கலங்கரை விளக்கம். அங்கே என்ன சாப்பாடு? பெட்டைகளோடு திரியவிடாமல் குழியில் அடைத்து, நெல்மாவு ஊட்டிக் கொழுக்க வைத்த ஆண்பன்றியின் இறைச்சியும் கள்ளும். பல நாள் காத்து வளர்த்த கறி என்று பாணன் சேர்த்துச் சொல்கிறான். துறைமுகத்தில் அவசரமில்லாத சமையல்! அதை அவன் குறித்துக்கொண்டிருக்கிறான் பாருங்கள்.

எனக்கு அதைவிடச் சுவையானது, துறைமுகத்துக்குச் சற்று முன்னால் வரும் நிறுத்தம். அந்தணர் வீடுகள். ஒரு பறவையின் பெயர் கொண்ட நெல்லின் சோறு. மாதுளங்காயைப் பிளந்து, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து, பசு வெண்ணெயில் சூடாக்கிய கறி. கூடவே மாவடு ஊறுகாய். கடலோரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, புலால் இல்லாத சாப்பாடு, அதற்கப்புறம் கப்பல்துறை. பாணனின் வழியில் ஹெலன்ஸ்பர்க் எங்கே வரும் என்று யாராவது கேட்டால் இந்த இடத்தில் விரல் வைப்பேன்.

ஆனால் நூலின் நியாயம் ஒரு நிறுத்தத்தில் இல்லை, அடுக்கில் இருக்கிறது. எயினர் குடிசையில் ஈச்சங்கொட்டை போன்ற சிவந்த சோறும், நாய் பிடித்துவந்த உடும்பும். இடையரிடம் பாலோடு தினைச்சோறு. முல்லை நிலத்து உழவரிடம் வரகுச்சோறும் அவரைப் பருப்பும். மருதத்தில் வெண்சோறும் வீட்டுக்கோழியும். ஒவ்வொன்றின் முடிவிலும் பெரும்பாலும் ஒரே வினைச்சொல்: ‘பெறுகுவிர்’. கிடைக்கும், அவ்வளவுதான். உடும்புக்கும் மாதுளங்காய்க்கும் ஒரே சொல். எது உயர்ந்தது என்று அவன் தரம் பிரிப்பதில்லை, நட்சத்திரம் குத்துவதில்லை. யாரும் விருந்தாளிக்கென்று தனியாகச் சமைப்பதாகவும் இல்லை. அவரவர் அன்றாடம் உண்பதில் ஒரு பங்கு. கடைசியில் காஞ்சியில் தொண்டைமான் இளந்திரையனே சோறு போடுகிறான். விண்மீன் பூத்தது போலக் கலங்களைப் பரப்பி, குழந்தைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து ஊட்டுகிறான். அழகான இடம்தான். ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு அரண்மனையில் கலங்கள் நினைவில் நிற்கின்றன. குடிசையில்தான் சோறு நிற்கிறது.

நல்ல வழிச் சாப்பாடு என்பதற்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இதுதான்: அன்றாடச் சாப்பாடாக இருக்க வேண்டும். பெற்றோரை வழியனுப்பும் நாளில் பலர் இதற்கு எதிராகச் செய்கிறார்கள். பெரிய உணவகத்தில் மேசை பதிவு செய்து, முன் பின் சாப்பிட்டிராத ஏதோ ஒன்றை அவர்கள் முன்னால் வைத்து, படம் எடுத்து அனுப்புகிறார்கள். பதினைந்து மணி நேரப் பயணத்துக்கு முன் எழுபத்தைந்து வயது வயிற்றுக்கு அது தண்டனை. கேன்டீன் தட்டில் இருப்பது அவர்களுக்குத் தெரிந்த சாப்பாடு, ஆகவே சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அந்த அரை மணி நேரம் வேறு பேச்சுக்கு மிஞ்சுகிறது.

புளியோதரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பயணத்துக்கென்றே பிறந்த சோறு அது. புளியின் அமிலமும், நீர் வற்றக் காய்ச்சிய காய்ச்சலும், மேலே நிற்கும் நல்லெண்ணெயும் சேர்ந்து அதைக் கெடவிடுவதில்லை. கலந்த உடனே சாப்பிட்டால் காரமும் புளிப்பும் தனித்தனியாக அடிக்கும். சில மணி நேரம் ஊறவேண்டும். மதியம் ஹெலன்ஸ்பர்க்கில் வாங்கினால், சரியான பதம் சிங்கப்பூருக்குக் கொஞ்சம் முன்னால், கடலுக்கு மேலே எங்கேயோ வரும். தயிர் சாதத்தை அங்கேயே சாப்பிட்டுவிடுவது நல்லது. பன்னாட்டு விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்கிற விதியில், சாதத்தோடு கலந்த தயிர் தயிரா சாதமா என்ற தர்க்கத்தைப் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நடத்த முடியாது.

2018இல் என் அப்பா கிளம்பிய நாளிலும் இங்கேதான் சாப்பிட்டோம். தோசை ஒன்று வாங்கினார், இன்னொன்று வேண்டும் என்றார். அம்மா ஃபிளைட்டில் கஷ்டப்படுவீர்கள் என்று தடுத்தாள். அவர் கேட்கவில்லை. திருச்சிக்குப் போன ஏழாம் மாதம் இறந்துபோனார். “ரெண்டாவது தோசையும் சாப்பிட்டாரே, அது போதும்டா” என்று அம்மா இன்றும் சொல்கிறாள். அவளுடைய கணக்கில் அந்தத் தோசை எவ்வளவு முறுகலாக இருந்தது என்பது வரவே வராது. உணவை மதிப்பிடுகிறவர்கள் கைவைக்க முடியாத பகுதி ஒன்று உண்டு என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

ஆற்றுப்படையின் குறையையும் சொல்லிவிட வேண்டும். வழியெங்கும் கொடுக்கிற கைகள் இருக்கின்றன, வழி திறந்திருக்கிறது என்பதே அதன் அடித்தளம். அப்படி இல்லாத பயணங்களுக்கு அதில் இடமில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, போட்ட சோற்றை உண்டு கப்பலேறினார்கள். 1983க்குப் பிறகு வடகரையிலிருந்து இரவோடு இரவாகப் படகேறியவர்களுக்கு எந்த வீட்டுக் கதவும் நிறுத்தமாக இல்லை. அவர்களுடைய கடைசிச் சாப்பாடு அடுப்பிலேயே கிடந்திருக்கும். நான் படித்தவரை நம் புலம்பெயர் எழுத்தில் வந்து சேர்ந்த ஊரின் முதல் சாப்பாடு நிறைய இருக்கிறது: முதல் பனி, முதல் பசி, முதல் பாண் துண்டு. கிளம்பும் முன் சாப்பிட்டது, அல்லது சாப்பிடாமல் விட்டது, அரிதாகவே வருகிறது. அதை எழுதக்கூடியவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். இந்த இதழைப் படிக்கும் பிள்ளைகள் அவர்களிடம் கேட்கலாம். வரலாறு கேட்க வேண்டாம், என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டால் போதும்.

இனி, உண்டு திரும்பியவன் சொல்ல வேண்டியது. மாலை விமானம் என்றால் காலை ஒன்பதுக்கே வென்ட்வொர்த்வில்லை விட்டுக் கிளம்புங்கள். முதல்நாள் இரவே பெட்டியை நிறுத்துப் பாருங்கள். கோயில் வாசலில் ஊறுகாய்ப் பாட்டிலை எடுக்கவும் வைக்கவும் நேரம் போகும். பன்னிரண்டுக்கு மேல் வரிசை நீளும், பதினொன்றரைக்கே நின்றுவிடுங்கள். வயதானவர்களை மர நிழலில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் நில்லுங்கள். அவர்களைக் கேட்காமல் வாங்காதீர்கள். இரண்டாவது தோசை கேட்டால் வாங்கிக் கொடுங்கள். புளியோதரை இரண்டு பொட்டலம்: ஒன்று அவர்களுக்கு, ஒன்று விமான நிலையத்திலிருந்து நீங்கள் தனியாகக் காரோட்டித் திரும்பும்போது.