தூத்துக்குடியில் ஒரு அறை

தெற்குக் கடற்கரையைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் நேரே திருச்செந்தூரில் அறை தேடுவார்கள். நான் தூத்துக்குடியில்தான் பையை இறக்கி வைப்பேன். துறைமுக ஊருக்குப் பயணிகளைக் கவர வேண்டிய கட்டாயமில்லை. அதன் பிழைப்பு வேறு. அந்த அலட்சியம் எனக்குப் பிடிக்கும்.

காலையில் திருச்செந்தூர் பஸ். சுமார் 40 கிலோமீட்டர். முள்ளக்காடு பக்கம் உப்பளங்கள். பாத்திகளில் வானம் கிடக்கும், வரப்போரம் வெள்ளை அம்பாரங்கள். ஆத்தூர் வந்ததும் காட்சியே மாறிவிடும்: தாமிரபரணி, வாழை, வெற்றிலைக் கொடிக்கால். உப்பிலிருந்து வெற்றிலைக்கு அரை மணிப் பயணம்கூட இல்லை. திருச்செந்தூரில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நாழிக்கிணறு. அதையும் தாண்டினால் மணப்பாடு. மணல்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில்; கீழே, 1542-இல் வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை.

இருட்டுவதற்குள் தூத்துக்குடி திரும்பிவிட வேண்டும். பொரிச்ச பரோட்டாவைச் சால்னாவில் ஊறவிட்டுச் சாப்பிட (விருதுநகர்க்காரர்கள் சண்டைக்கு வரட்டும்), பிறகு பேக்கரியில் மக்ரூன் வாங்க. முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, அவ்வளவுதான். சங்கு போலச் சுழித்த வெள்ளைக் கூம்பு. கடித்தால் மொறுக்கென்று உடையும், உள்ளே முந்திரி பல்லில் லேசாக ஒட்டும். பொட்டலத்தைப் பிரித்துப்போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து தூங்கினால், கடல்காற்று விடிவதற்குள் அதைப் பிசுபிசுக்க வைத்துவிடும். ஒருமுறை அப்படித்தான் அரைக் கிலோ போயிற்று.