அமெரிக்க வடிவமைப்புத் தொகுப்பு: யாருடைய அலங்காரம்?

'இண்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன்' ஓவியங்களை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் 2012இல் திறந்துவிட்டது. பென்சில்வேனியா ஜெர்மானியரின் டுலிப் பூப் பெட்டிகள், ஒட்டுத்துணிப் போர்வைகள், கூரை உச்சியில் காற்றுத்திசை காட்டிய தகரச் சேவல்கள் எல்லாம் இப்போது தலையணை உறைகளிலும் காப்பிக் கோப்பைகளிலும் ஏறிவிட்டன. கூடவே ஒரு புகழுரையும் புழங்குகிறது: சாமானியர் கையாண்ட பொருள்களின் அழகைச் சாமானியருக்கே திருப்பித் தந்த, அமெரிக்காவின் மிக ஜனநாயகமான கலைத்தொகுப்பு இது என்று. இந்தப் புகழுரையை என்னால் ஏற்க முடியவில்லை.

தொகுப்பின் பெருமை பெரியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருமந்தக் காலத்தில், 1935 முதல் 1942 வரை, வேலையற்ற ஓவியர்களுக்கு அரசு கூலி கொடுத்து வரையவைத்த ஏறத்தாழ 18,000 நீர்வண்ண ஓவியங்கள் இதில் உள்ளன. நியூயார்க் பொது நூலகத்தின் படத்தொகுப்பைக் கவனித்துவந்த ரொமானா ஜாவிட்ஸும் துணி வடிவமைப்பாளர் ரூத் ரீவ்ஸும் விதைத்த எண்ணம் இது. வண்ண ஒளிப்படம் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. ஆகவே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் எகிப்தியத் துறையில் ஓவியராக இருந்த சுசான் சாப்மன் கற்றுக்கொடுத்த முறையில், வெள்ளைத் தாளையே ஒளியாக வைத்து, மெல்லிய வண்ணங்களை அடுக்கடுக்காகப் பூசி வரைந்தார்கள். போர்வையின் நைந்த ஓரமும் மண்ஜாடியின் உப்பு மெருகும் விரலால் தொட்டு உணரும்படி தெரிகின்றன. அந்தத் தலைமுறை ஓவியர்கள் பட்டினியிலிருந்து தப்பினார்கள். அழிந்துபோயிருக்கக்கூடிய பல பொருள்களின் உருவம் நமக்கு மிஞ்சியது. இதிலெல்லாம் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

ஆனால் இந்த மண்ணில் எவரையும்விட நீண்டகாலமாகப் பானையிலும் கூடையிலும் கம்பளத்திலும் அழகு செய்துவந்தவர்கள் இத்தொகுப்பில் கிடையாது. பூர்வகுடிகளின் கைவினையை இனவரைவியலாளர்கள் ஏற்கெனவே பதிந்துவருகிறார்கள், ஆகவே அது நம் எல்லைக்குள் வராது என்று திட்டத்தை நடத்தியவர்கள் தொடக்கத்திலேயே முடிவெடுத்தார்கள். அமெரிக்க வடிவமைப்பு எது என்பதற்கே அந்த முடிவில் ஒரு வரையறை எழுதப்பட்டுவிட்டது.

பூர்வகுடி மனிதர் இத்தொகுப்பில் வேறொரு வழியில் வருகிறார். சுருட்டுக்கடை வாசலில் இறகுமுடியோடு நிறுத்திவைத்த மரப்பொம்மையாக, கூரை உச்சியில் வில் வளைக்கும் தகர உருவமாக. பிறர் செதுக்கிய அந்த மரப்பொம்மைகளை ஓவியர்கள் எவ்வளவு பரிவோடு, மடிப்பு மடிப்பாக வரைந்திருக்கிறார்கள்! அலங்காரப் பொருளாக இருக்கும்வரை அவருக்கு இடம் உண்டு. அலங்காரம் செய்பவராக வந்தால் இல்லை. இந்த ஒன்றுக்காகவே 'ஜனநாயகம்' என்ற பட்டத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

நியூ மெக்சிகோவை எடுத்துக்கொள்வோம். அங்கே திட்டத்தின் ஓவியர்கள் ஸ்பானிய வழி வந்த புனிதர் சிலைகளையும் மரப்பேழைகளையும் ஊர் ஊராகத் தேடி வரைந்தார்கள். அதே மாநிலத்தில், சான்டா ஃபேவிலிருந்து சிறிது தூரத்தில், சான் இல்டிஃபோன்ஸோ ஊரில் மரியா மார்ட்டினெஸ் கருப்புப் பானைகளை வனைந்து மெருகேற்றிக்கொண்டிருந்தார். கணவர் ஜூலியன் அவற்றின்மேல் கருப்பிலேயே கருப்பாக இறகு வரிசைகளையும் நீர்ப்பாம்பையும் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து அரிசோனாவில், புதையுண்ட ஊரின் பானையோடுகளிலிருந்து பழைய உருக்களை மீட்டுத் தன் கையால் புதிதாக்கிய நம்பேயோ 1942 வரை உயிரோடு இருந்தார். வாழ்ந்துகொண்டிருந்த, பெயர் தெரிந்த, ஊரறிந்த வடிவமைப்பாளர்கள் இவர்கள். பெயர் தெரியாத தச்சரின் பேழைக்காக ஓவியரை அனுப்பிய திட்டம் இவர்கள் வீட்டு வாசலைக் கடந்து போயிற்று.

இனவரைவியலாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற வாதம் நவஹோ கம்பளத்தின் முன் நிற்காது. 1880களில் ரயில்பாதை வந்தபிறகு, பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுன் பெயரால் அழைக்கப்பட்ட ஆலை நூல், செயற்கைச் சாயம் ஏறிய சிவப்பிலும் மஞ்சளிலும் நவஹோ பெண்களுக்குக் கிடைத்தது. கண்ணைப் பறிக்கும் வைர அடுக்குகளை அவர்கள் நெய்தார்கள். கனாடோவில் வணிகர் ஹப்பல் தமக்குப் பிடித்த உருக்களைப் படமாக வரையவைத்து, கடைச் சுவரில் மாட்டி, நெசவாளர்களுக்குக் காட்டினார். அந்தக் கம்பளங்கள் கிழக்குக் கரை நகரங்களின் கூடங்களில் விரிந்தன. மரச்சாமான் தயாரித்த குஸ்தாவ் ஸ்டிக்லியின் 'தி கிராஃப்ட்ஸ்மன்' இதழ் அவருடைய ஓக் மர நாற்காலிகளுக்கு ஏற்ற தரைவிரிப்பாக அவற்றை முன்வைத்தது. அமெரிக்க வீட்டின் அன்றாடப் பொருள் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்? ஆலை நூலும் செயற்கைச் சாயமும் கலந்துவிட்டதால் இனவரைவியலாளர்களில் பலருக்கு இவை கெட்டுப்போன சரக்கு. அவர்கள் தேடியது கலப்பற்ற பழமையை. ஒருவர் கலப்படம் என்று தள்ள, மற்றவர் அது அவர் பொறுப்பு என்று ஒதுங்க, அமெரிக்காவின் முழு வரலாற்றையும் இழை இழையாகச் சுமந்த ஒரு பொருள் இருவர் கையிலும் சேரவில்லை.

ஸ்காட்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் குடியேறியவர்கள், பிரெஞ்சுக்காரர் ஜக்கார்டு கண்டுபிடித்த கருவியில் நெய்த போர்வைகள் இத்தொகுப்பில் அமெரிக்கப் பொருள்களாக இருக்கின்றன. இருக்கட்டும், தகுதியானவையே. அப்படியானால் வெனிசிலிருந்து வந்த கண்ணாடி மணியைக் கோத்து டஸ்கரோரா பெண்கள் நயாகரா அருவிக்கரையில் விற்ற பைகள் ஏன் அமெரிக்கப் பொருள்கள் ஆகவில்லை? அவை ஆயிரக்கணக்கான வீடுகளின் வரவேற்பறைகளில் தொங்கியவை. தொகுப்பில் கழுகும் தேசியக்கொடியும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒதுக்குநிலங்களில் அடைக்கப்பட்ட லகோட்டா பெண்கள் குழந்தைச் சட்டைகளில் மணியால் தைத்த அதே கொடிக்கு இடம் இல்லை.

1930களை இன்றைய கண்ணால் அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அன்றைய கண்ணாலேயே அளப்போம். பூர்வகுடிக் கைவினைகளுக்கென அரசு ஒரு வாரியத்தை உருவாக்கியதும் 1935இல்தான். அந்த வாரியத்தை நடத்திய ரெனே டார்னன்கூர், 1941இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பூர்வகுடிக் கலைக்கென்றே கண்காட்சி அமைத்து, இன்றைய வீட்டில் அக்கலைக்கு உள்ள இடத்தைக் காட்ட ஒரு பகுதியையே ஒதுக்கினார். வடிவமைப்புத் தொகுப்புக்கு மேலே தலைவராக இருந்த ஹோல்கர் காஹிலும் அறியாதவர் அல்லர். அஸ்டெக், மாயா, இன்கா கலைகளை நவீனக் கலையின் ஊற்றாகக் காட்டி, 1933இல் அதே அருங்காட்சியகத்தில் கண்காட்சி நடத்தியவர் அவர். பூர்வகுடிக் கலையின் மதிப்பு தெரிந்தவர்கள் எடுத்த முடிவு இது. கடிந்து பேசுகிறேன் என்றால், அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதனால்தான்.

விடுபட்டதன் விளைவும் சிறிதல்ல. எர்வின் கிறிஸ்டென்சன் 1950இல் இத்தொகுப்பை நூலாக்கியபின், அமெரிக்க அலங்காரக் கலை என்றாலே பென்சில்வேனியாப் பெட்டியும் ஷேக்கர் நாற்காலியும் கப்பல் முகப்புச் சிலையும்தான் என்ற எண்ணம் வேர்பிடிக்க அது துணைபோயிற்று. இலவசப் படங்கள் இப்போது அதே எண்ணத்தைக் கோப்பைகளில் அச்சடித்து விற்கின்றன.

இன்னொன்றும் நடந்தது. தொகுப்புக்குக் கூலி கொடுத்த அதே நிவாரண நிதியில், அதே ஆண்டுகளில், நியூயார்க் மாநிலத்தின் டொனவாண்டா, காட்டராகஸ் ஒதுக்குநிலங்களில் செனெகா கைவினைஞர்கள் கரண்டிகளும் முகமூடிகளும் கூடைகளும் செய்தார்கள். அவர்களை ஒருங்கிணைத்தவர் ராச்செஸ்டர் அருங்காட்சியகத்தின் ஆர்தர் பார்க்கர். அவரும் செனெகா வழிவந்தவரே. அந்தக் கரண்டிகள் அருங்காட்சியகத்தின் இனவரைவியல் இருப்பில் சேர்ந்தன. வடிவமைப்புத் தொகுப்பில் அவற்றுக்கு ஒரு தாள்கூட ஒதுக்கப்படவில்லை.