அச்சத்தின் அடியில் அன்பு

பேய்ப் படங்களை நம் இல்லத்துச் சேகரிப்பில் வைத்தல் தகுமா எனக் கேட்போர் உண்டு. எல்லாவற்றையும் அன்று, ஆயினும் வில்லியம் ஃபிரீட்கின் 1973இல் இயக்கிய ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்துக்கு நாம் இடம் தருவோம், சிறுவர் கைக்கு எட்டாத தட்டில்.

சுழலும் தலையும் பச்சை வாந்தியுமே பலர் நினைவில் நிற்கின்றன. சிறுமி ரீகனின் வேதனையைக் காட்சிப்பொருளாக்கும் அவ்விடங்களில் இயக்குநர் அளவு மீறுகிறார் என்பதை மறைப்பதற்கில்லை. நம்மை உலுக்குவதோ, தனிமையில் இறந்த தாயை எண்ணி வெந்து, விசுவாசம் தளர்ந்து நிற்கும் இயேசு சபைக் குரு கராஸின் அகத்துயரே.

ஏன் இச்சிறுமி என்று அவர் கேட்கிறார். நாம் கடவுளின் அன்புக்குத் தகுதியற்றவர்கள் என்று நம்மையே நம்பவைத்து, நம்பிக்கை இழக்கச் செய்வதே அலகையின் நோக்கம் என்கிறார் மூத்த குரு மெரின். முதல் வெளியீட்டில் நீக்கப்பட்ட இவ்வுரையாடல் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றது. சேகரிப்போர் அதனையே தேர்க.

இறுதியில் கராஸ் அலகையைத் தம்முள் அழைத்துக்கொண்டு சாளரத்தின் வழியே பாய்கிறார். அது தற்கொலையா, தற்கொடையா? படிக்கட்டின் அடியில் அவர் கையைப் பற்றிப் பாவமன்னிப்பு வழங்கும் நண்பர் டயர் வினா எழுப்பவில்லை. நாமும் அவ்வண்ணமே மௌனமாகிறோம்.